சைக்கிளில் திருவனந்தபுரம்: மார்த்தாண்டத்திலிருந்து கிளம்புவோருக்கு ஓர் எளிய விளக்கம்

மார்த்தாண்டத்துக்காரர்களுக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெருநகரம் திருவனந்தபுரம்தான். தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்கு, விமானம் ஏற, கல்லூரி சேர, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க என்று அங்கே போகாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. ஆனால் போகிற எல்லோருக்கும் தெரிந்த திருவனந்தபுரம் எது என்று கேட்டால், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு, மெடிக்கல் காலேஜ், விமான நிலைய வாசல் என்று மூன்று நான்கு இடங்களோடு முடிந்துவிடும். இடையில் இருக்கும் நகரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். அது பார்த்ததாகாது.

இத்தனைக்கும் அது நமக்கு அந்நிய ஊர் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்களுக்குத் தலைநகரம் அதுவே. நம் தாத்தா பாட்டிமார் வரி கட்டியதும் வழக்காடியதும் மனு கொடுத்ததும் அந்த ஊர் அதிகாரிகளிடம்தான். அந்த நகரை ஆற அமரப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். அதையும் சைக்கிளில் பாருங்கள் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை. எப்படிப் போவது, எதை எந்த வரிசையில் பார்ப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏன் சைக்கிள்?

காரணம் திருவனந்தபுரத்தின் நிலத்தில் இருக்கிறது. அது குன்றுகளின் மேல் அமைந்த நகரம். காரில் போனால் மேடும் பள்ளமும் தெரியாது. நடந்தால் தெரியும், ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு கிலோமீட்டருக்குமேல் பார்க்க முடியாது. சைக்கிளில் நிதானமாக மிதித்தாலே மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடக்கலாம். ஒவ்வொரு ஏற்றத்தையும் கால் அறியும்.

இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்தால் நகரின் வரலாறு பாதி புரிந்தமாதிரி. கோவிலும் கோட்டையும் கடைத்தெருவும் தாழ்வான நிலத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பட்டாளம், கல்லூரி, வானாய்வகம், அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் மேட்டில் ஏறி உட்கார்ந்தன. மேற்கே கடற்கரை சமதளம். அங்கே மீனவர் ஊர்கள், பிறகு விமான நிலையம், பிறகு ராக்கெட் தளம். ஆக நகரம் மூன்று அடுக்கு: பள்ளம், மேடு, கரை. ஒரு நாளுக்கு ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளில் குழப்பமில்லாமல் பார்த்துவிடலாம்.

போகும் வழியே ஒரு பாடம்

மார்த்தாண்டத்திலிருந்து குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை நேராகக் கிழக்கேகோட்டைக்குப் போகிறது. பழக்கம் உள்ளவர்கள் விடிகாலை நான்கரை மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். கிளம்பும்போது 2018-இல் திறந்த இரும்பு மேம்பாலத்தின் மேல் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே குழித்துறைப் பக்கம் போங்கள். மேலே வண்டிகள் வேகம் எடுக்கும், ஒதுங்க இடமில்லை. களியக்காவிளைக்குப் பிறகு ஏற்ற இறக்கம் ஓயாமல் வரும். அவ்வளவு தூரம் மிதிக்க விருப்பமில்லையென்றால் குழித்துறை ரயில் நிலையத்தில் சைக்கிளைச் சரக்காக ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போவதும் நல்ல வழி.

மிதித்தே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நவராத்திரி வரும்போதெல்லாம் பத்மநாபபுரம் அரண்மனை சரஸ்வதி, வேளிமலைக் குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் இந்த வழியாகத்தான் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல், அடுத்த இரவு நெய்யாற்றின்கரையில். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட சிலை என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. தலைநகரம் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிப்போனது. மாநில எல்லை 1956-இல் களியக்காவிளையில் வந்து நின்றது. தலைநகரம் மாறியதால் தொடங்கிய இந்த ஊர்வலம் எல்லை வந்த பிறகும் நிற்கவில்லை. எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதையோடு நின்று அனுப்பி வரவேற்கிறார்கள். எல்லைக்கோட்டைவிட இந்தச் சாலைக்கு வயது அதிகம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பாலராமபுரத்தில் கட்டாயம் இறங்குங்கள். பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சாலியர் தெருக்கள். அரசர் பாலராமவர்மா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வரவழைக்கப்பட்ட தமிழ் நெசவாளர் குடும்பங்கள் இங்கே குடியமர்ந்தன. வீட்டுக்குள் குழித்தறி, கால்கள் குழிக்குள், கைகள் தரைமட்டத்தில் ஓடும் நூலின் மேல். இருபுறமும் ஒரேமாதிரி தெரியும் கசவுக்கரை இவர்களின் கைத்திறம்.

இதே வட்டாரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சைக்கிளில் போகிற எவரும் அதைத் தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச்சாலையில் வண்டி ஓட்டத் தடை இருந்தது. வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் ஒரு வில்வண்டி வாங்கி, நல்ல உடையும் தலைப்பாகையும் அணிந்து, அந்தத் தடைபோட்ட சாலையில் ஓட்டிப் போனார். அடித்தார்கள், அவர் திரும்பவில்லை. பிறகு நடந்த தெருநடைப் போராட்டத்தில் பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரும் மோதல் நடந்தது. தோள்சீலை உரிமைக்காக நம் மாவட்டத்துப் பெண்கள் போராடி 1859-இல் அரசாணை பெற்ற கதை நமக்குத் தெரியும். உடுத்துவதற்கு ஒரு போராட்டம், சாலையில் போவதற்கு ஒரு போராட்டம். இன்று யார் வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் போகிற இந்தச் சாலை இப்படித்தான் பொதுச்சாலை ஆனது.

முதல் நாள்: பள்ளம்

கரமனை ஆற்றைக் கடந்ததும் நிலம் தாழ்கிறது. கிழக்கேகோட்டை வாசல் வந்துவிட்டால் நீங்கள் பழைய நகரின் மையத்தில் நிற்கிறீர்கள். மார்த்தாண்டவர்மா (1729–1758) 1750-இல் தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துத் தான் அவருடைய தாசனாக ஆண்டார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சைக்கிளில் கோட்டைக்குள் சுற்றினால் அந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். நடுவே கோவிலும் குளமும். அதை ஒட்டி அரண்மனைகள். அடுத்த வீதிகளில் கோவில் பணி செய்தவர்களின் அக்ரகார வீடுகள். ஏழுநிலைக் கோபுரம் நம் பக்கத்துத் தமிழ்க் கோபுரம். உள்ளே போனால் கேரளக் கோவிலின் ஒழுங்கு. இரண்டு மரபும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

கோவிலுக்குள் போக ஆண்கள் மேல்சட்டையில்லாமல் வேட்டி உடுத்த வேண்டும். பெண்களுக்குச் சேலை அல்லது முண்டும் நேரியதும். சைக்கிள் பையில் ஒரு வேட்டியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மன்னர் சுவாதித்திருநாள் கட்டிய குதிரைமாளிகை இருக்கிறது. கூரைத் தாங்கிகளில் 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். அதன் அருகே நவராத்திரி மண்டபம். நம் பத்மநாபபுரம் சரஸ்வதி ஒன்பது நாளும் வீற்றிருப்பது அங்கேதான். எதிரே மேத்தன்மணி என்னும் பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது தாடி வைத்த முகத்தின் இரு கன்னத்தையும் இரண்டு ஆடுகள் முட்டும்.

கோட்டைக்கு வெளியே ‘சாலை’ எனப்படும் கடைத்தெரு. இதை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்தது நம் விளவங்கோடு தாலுகாவின் குன்னத்தூரில். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. சாலைத்தெருவில் நம்மூர்த் தமிழ் இன்றும் காதில் விழும். அரிசி, வெல்லம், பித்தளைப் பாத்திரம், பூ, மருந்துச்சரக்கு என்று ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வாசம். இங்கே சைக்கிளை மிதிக்க வேண்டாம், இறங்கி உருட்டுங்கள். சுமைதூக்குகிறவர்களுக்கு வழிவிடுவதுதான் இந்தத் தெருவின் முதல் விதி.

தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது புண்ணியத் தலம். இந்தத் தெருவில் கடை வைத்திருந்தபடியே இந்தத் தெரு மனிதர்களை எழுதியவர் ஆ. மாதவன். சுமட்டாளும் திருடனும் தரகனும் அவர் கதைகளில் முழு மனிதர்களாக நடமாடுகிறார்கள். கோட்டைக்குள் வீதிகளைக் களமாக வைத்து நீல. பத்மநாபன் எழுதிய நாவல் ‘பள்ளிகொண்டபுரம்’. எழுத்தாளர் நகுலனும் இந்த நகரவாசிதான். புறப்படுமுன் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளில் நாலைந்தாவது படித்துவிட்டுப் போங்கள். தெருவில் நிற்கும்போது யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

சாலைத்தெருவுக்குப் பக்கத்தில் புத்தரிக்கண்டம் மைதானம். கோவிலுக்கான நெல் விளைந்த வயல் அது. தம்பானூரும் அப்படித் தாழ்ந்த நிலம்தான். பலத்த மழை பெய்தால் தம்பானூர் இன்றும் மூழ்குகிறது. அதைத் தீர்க்க 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று வாய்க்கால்களைத் தூர்வாரும் பெரிய வேலை நடந்தது. வயலில் நகரம் கட்டினால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். மழைக்காலத்தில் போகிறவர்கள் இந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கிய சாலையில் சைக்கிளை விடாதீர்கள். மூடியில்லாத ஓடை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

மாலையில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். செங்கல்லால் சுருண்டு மேலேறும் அந்தக் கட்டடம் லாரி பேக்கர் (1917–2007) வடிவமைத்தது. உள்ளே படிக்கட்டே இல்லை; சரிவாக ஏறும் தரையின் ஓரமாக மேசைகள். சுவரில் விட்ட துளைகளால் காற்று வருகிறது. சாயா விலை குறைவு, தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், யாரும் உங்களை எழுப்பிவிட மாட்டார்கள். பெருநகரத்தில் காசு அதிகம் இல்லாதவனும் மரியாதையோடு உட்கார ஓர் இடம் வேண்டும். தொழிலாளர் கூட்டுறவாக நடக்கும் இந்தக் கடை அப்படிப்பட்ட இடம்.

இரண்டாம் நாள்: மேடு

காலை ஆறு மணிக்கு முன்பே கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் வடக்கே மிதியுங்கள். கியர் உள்ள சைக்கிளானால் குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; இந்த ஏற்றம்தான் பழைய நகரிலிருந்து புதிய நகருக்குப் போகும் வழி.

முதலில் ஸ்டாச்சு. அங்கே நிற்பது திவான் டி. மாதவராவின் சிலை. எதிரே 1869-இல் திறந்த செக்ரட்டேரியட் கட்டடம். வடிவமைத்தவர் பொறியாளர் வில்லியம் பார்ட்டன். முன்புறம் இருக்கும் இன்னொரு சிலை வேலுத்தம்பி தளவாய். அவர் கல்குளம் தாலுகா தலக்குளத்துக்காரர். விளவங்கோட்டு ஆள் கடைத்தெரு அமைத்தார், கல்குளத்து ஆள் ஆங்கிலேயரை எதிர்த்து உயிர் விட்டார். இந்த நகரம் நம் மாவட்டத்து மனிதர்களாலும் ஆனது என்பதை மறக்க வேண்டியதில்லை.

அடுத்து யுனிவர்சிட்டி காலேஜ். முன்பு அது மகாராஜா கல்லூரி. அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. தமிழ்நாடு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற பாடல் அவர் 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடக நூலில் உள்ளது. ஒவ்வொரு பள்ளியிலும் காலையில் நாம் பாடுகிற பாட்டு இந்த மேட்டு நகரத்தில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எழுதியது.

அப்புறம் பாளையம். திருவிதாங்கூர் பட்டாளம் தங்கிய இடம். ஒரே சந்திப்பில் பள்ளிவாசலும் பிள்ளையார் கோவிலும் புனித சூசையப்பர் பேராலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. பக்கத்திலேயே கன்னிமரா சந்தை. சற்றுத் தள்ளி மாநில மத்திய நூலகம். 1829-இல் தொடங்கியது, இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அதற்கும் மேலே குன்றின் உச்சியில் சுவாதித்திருநாள் 1837-இல் நிறுவிய வானாய்வகம். முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட். இந்த ஏற்றம் செங்குத்து. முடியாதவர்கள் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு உயரம் தேவைப்பட்டது என்பது மூச்சு வாங்கும்போது நன்றாகப் புரியும்.

அங்கிருந்து இறங்கினால் மியூசியம் வளாகம். காலையில் நகரமே இங்கே நடக்கிறது. நேப்பியர் மியூசியத்தை 1880-இல் கட்டி முடித்தவர் ராபர்ட் சிசோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே கட்டடக்கலைஞர். மின்விசிறி இல்லாத காலத்தில் காற்றோடும்படி அமைத்த சுவர்களையும் மரக்கூரையையும் நின்று பாருங்கள். வளாகத்துக்குள் ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களும் உண்டு. திங்கட்கிழமை மியூசியமும் குதிரைமாளிகையும் விடுமுறை. பயண நாளைக் குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வெள்ளையம்பலம் சந்திப்பில் அய்யன்காளி சிலை இருக்கிறது. 1980-இல் இந்திரா காந்தி திறந்துவைத்தது. வில்வண்டி ஓட்டியதற்கு அடிவாங்கியவர், நகரின் முக்கியமான சாலைகள் கூடும் இடத்தில் நிற்கிறார். பாலராமபுரம் வழியாக வந்தவர்களுக்கு இந்தச் சிலை முழுப் பொருளோடு தெரியும். அங்கிருந்து கவடியார் அரண்மனைக்குப் போகும் நேர்ச்சாலை அகலமானது, நிழல் உள்ளது, காலையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு மிகவும் பிடித்தமானது. கோவில் நுழைவு உரிமையை 1936 நவம்பர் 12-இல் அறிவித்த மன்னர் சித்திரைத்திருநாள் வாழ்ந்த அரண்மனை அது.

மாலையில் இதே பகுதியின் மானவீயம் வீதிக்கு வாருங்கள். நீளத்தில் சிறிய தெரு, மரங்கள் அடர்ந்தது. கவிஞர் வயலார் ராமவர்மாவின் சிலை அங்கே உண்டு. பல ஆண்டுகளாகப் பாட்டும் நாடகமும் ஓவியமும் விவாதமுமாக இளைஞர்கள் கூடிய இடம். 2023-இல் புதுப்பித்து இரவு வாழ்க்கைக்கான தெருவாகத் திறந்தார்கள். கிட்டாரோடு ஒருவர் உட்கார்ந்தால் கூட்டம் தானாகச் சேர்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை, மேடை இல்லை. நகரப் பண்பாடு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதற்கு முதலில் வேண்டியது இப்படிச் சும்மா உட்கார ஓர் இடம். இரவு திரும்பும்போது தட்டுக்கடையில் தோசையும் ரசவடையும் சாப்பிடுங்கள்; ரசவடை நம் பக்கத்துச் சுவைதான்.

மூன்றாம் நாள்: கரை

மேற்கே திரும்பினால் ஏற்றம் இல்லை. கோட்டையிலிருந்து வள்ளக்கடவு வழியாகச் சங்குமுகம் போகலாம். வழியில் பார்வதி புத்தனாறு. 1820-களில் ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய நீர்வழி. ஒரு காலத்தில் சரக்கு வள்ளங்கள் ஓடியது, இன்று ஆகாயத்தாமரையும் கழிவுமாக வருந்தும்படி கிடக்கிறது. இதேபோல் பாழ்பட்ட நம் மாவட்டத்து ஏ.வி.எம். கால்வாயை அறிந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் மனம் கனக்கும்.

சங்குமுகத்தில் கடலைப் பார்த்துப் படுத்திருக்கும் பெரிய பெண்சிலை கானாயி குஞ்ஞிராமன் வடித்த சாகரகன்னியகை. விமான நிலையச் சுவரை ஒட்டிய சாலையில் வடக்கே மிதித்தால் வேளி. அதைத் தாண்டித் தும்பா. காற்று எதிர்க்கும், ஆனால் சாலை சமம்.

சைக்கிள்காரர்களுக்குத் தும்பாவைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவிலேயே இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் ராக்கெட் ஏவ இந்த மீனவர் ஊரை விஞ்ஞானி விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் பேசி, புனித மகதலேனா மரியாள் ஆலயத்தை அறிவியலுக்கு விட்டுக்கொடுக்கச் செய்தார். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் பறந்தது. அன்றைய தும்பாவில் வண்டிகள் குறைவு. ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகும் புகைப்படத்தை 1966-இல் எடுத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். அந்த ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அடையாள அட்டை கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் வேலை கற்ற மணல் இது. இங்குள்ள விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்து இஸ்ரோ தலைவரான சிவனும், 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்பேற்ற நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த இடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

சாலை விழாவாகும் நாட்கள்

மாசி மாத ஆற்றுகால் பொங்காலையன்று பல லட்சம் பெண்கள் நகரச் சாலைகளில் செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கலிடுகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி வடக்கே போகும் வழியில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது அங்குள்ள நம்பிக்கை. அன்று சாலை முழுக்கப் பெண்களுடையது. வண்டிக்கு இடமில்லை, சைக்கிளுக்கும் இல்லை. அன்று நடந்து மட்டும் பாருங்கள்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடலுக்குப் போகிறார். ஊர்வலப் பாதை விமான ஓடுதளத்தைக் கடக்கிறது. அந்த நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. டிசம்பரில் கேரளத்தின் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும்போது ஒரு தியேட்டரிலிருந்து அடுத்த தியேட்டருக்குப் போக நெரிசலில் சைக்கிள்தான் விரைவு. இந்த மூன்றில் ஒன்றையாவது ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை, மனதில் இருக்க வேண்டியவை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நம் மாவட்டத்தைப் போலவே அங்கும் இரண்டு பருவமழையும் பெய்யும். காலை ஐந்தரை முதல் எட்டரை வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் ஓட்டுங்கள். நடுப்பகலை அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வையுங்கள்.

இறக்கங்கள் அதிகம் என்பதால் கிளம்புமுன் பார்க்க வேண்டியது பிரேக். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றிவிடுங்கள். ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள், சிறு பம்பு, பூட்டு, முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். மட்டிப்பழம் ஒரு சீப்பு இருந்தால் வழியில் பசி தெரியாது. சைக்கிளைப் பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். சாலையில் இடதுபக்கமே போங்கள். திரும்புமுன் கையைக் காட்டுங்கள். நிற்கும் பஸ்ஸின் இடப்புறம் நுழையாதீர்கள், ஆட்கள் இறங்குவார்கள். ஒருவழிச் சாலைகள் அதிகம். சைக்கிள்தானே என்று எதிரே போகக் கூடாது.

வழி கேட்கத் தயங்க வேண்டாம். நம் பேச்சில் கலந்திருக்கும் மலையாளமே போதும். சைக்கிளில் வந்து நின்று கேட்கிறவனுக்கு மனிதர்கள் நின்று பதில் சொல்கிறார்கள். வண்டியின் கண்ணாடி இறக்கிக் கேட்கிறவனுக்கு அந்த நெருக்கம் கிடைக்காது.

நமக்கு இதில் என்ன?

திருவனந்தபுரம் சைக்கிளுக்கு உகந்த நகரம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான சாலைகளில் தனித்தடம் இல்லை. நெரிசல் நேரத்தில் அச்சம் உண்டு. ஆனாலும் சிறு தெருவொன்றை மனிதர்களுக்காக மாற்றியதில் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை மானவீயம் காட்டுகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளைக் கார்களுக்கு மூடிச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறது. சாலைகள் வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதற்கானவை என்பது இந்திய அரசின் 2006-ஆம் ஆண்டு நகரப் போக்குவரத்துக் கொள்கையின் அடிப்படை.

இப்போது மார்த்தாண்டத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அந்தச் சைக்கிளை மேம்பாலத்தின் கீழ்ச்சாலையில் பயமில்லாமல் ஓட்டிப் பள்ளிக்குப் போக ஒரு பிள்ளையால் முடியுமா? முடியாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் கொடுத்த பிறகு அது ஓட வழியும் கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. பள்ளிகளுக்குப் போகும் சாலைகளில் ஓரமாக ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள் வண்டி நிறுத்தத் தடை, சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் சைக்கிள் நிறுத்த இடம், வாரத்தில் ஒரு காலை ஒரு தெருவைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பது. இவ்வளவில் தொடங்கலாம்.

மூன்று நாள் ஒரு பெருநகரைச் சைக்கிளில் பார்த்தவர்கள் இதைக் கேட்கத் தகுதியானவர்கள். எந்தத் திருப்பத்தில் ஆபத்து, எந்த ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது, எங்கே நிழல் வேண்டும் என்பதைக் காகிதத்தில் வரைந்து கொடுக்க அவர்களால் முடியும். போய் வாருங்கள். வந்ததும் நம் ஊர்ச் சாலைகளையும் அதே வேகத்தில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கண்டதை எழுதி, கையெழுத்துச் சேர்த்து, குழித்துறை நகராட்சியில் கொடுங்கள். நம் பக்கத்தில் சாலை பொதுவானது கேட்டு வாங்கியதால்தான். இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.